இரண்டாவது மூட்டு வரைக்கும்

தூத்துக்குடி துறைமுகச் சாலைக் கன்டெய்னர் யார்டில் எடைமேடை பார்க்கும் வெள்ளத்துரைக்கு இரண்டு வயதுகள் உண்டு. அறுபத்திரண்டு என்பது அவருடைய அம்மா பெற்ற வயது. அறுபது என்பது தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்த வயது.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமென்றால் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. வெள்ளத்துரைக்கு ஐந்து வயதிலும் எட்டவில்லை, ஆறு வயதிலும் எட்டவில்லை. கை குட்டையா, தலை பெரிதா என்று முத்தையாபுரத்தில் இரண்டு கட்சி இருந்தது. ஏழாவது வயதில் ஒருவழியாக விரல் நுனி காதில் பட்டது. தலைமையாசிரியர் அன்றைக்கு அவருக்கு ஐந்து வயது முடிந்ததாகக் கணக்கிட்டு, பிறந்த தேதி மே முப்பத்தொன்று என்று எழுதிக்கொண்டார். வருகிற மே முப்பத்தொன்றோடு அந்த ஏட்டு வயது அறுபதாகிறது. யார்டில் ஓய்வு வயது அறுபது.

முதலாளி சங்கரபாண்டியன் அவரை விட மனசில்லாமல் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்திருந்தார். இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தம், இதே சம்பளம், இதே இன்சூரன்ஸ். மே பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கடிதம் ஐந்து நாளாக வெள்ளத்துரையின் சட்டைப் பையில் வியர்வையில் நனைந்து காய்ந்துகொண்டிருந்தது.

முதலாளி விடாததற்கு வெள்ளத்துரை சொல்லும் காரணம் ஒன்று உண்டு. லாரி மேடையில் ஏறும்போதே, எண் தெரிகிற பெட்டியைப் பார்க்காமல் எடையைச் சொல்லிவிடுவார் வெள்ளத்துரை. டிரைவர் காலையில் தின்றது இட்லியா புரோட்டாவா என்றும் சொல்லுவார் என்று யார்டில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவர் அவர்தான். ஒருமுறை வழக்கமாக வருகிற காலி லாரி இருபது கிலோ கூடக் காட்டியது. விசாரித்ததில் டிரைவருக்கு முந்தின நாள்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பொறுப்பு ஏறிவிட்டது என்று வெள்ளத்துரை அதையும் சேர்த்தே சீட்டுப் போட்டுக் கொடுத்தார். டிரைவரும் மறுக்கவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு கையெழுத்துக்கு ஐந்து நாள் யோசித்தார் என்றால் அது சந்தனமாரியின் முழங்கால்களால்.

சந்தனமாரி அவர் மனைவி. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து, மாற்று மூட்டு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. அதற்கு ஆகும் செலவை வெள்ளத்துரை கையில் இருப்பதை வைத்துப் பார்த்தால் ஒரு காலின் கட்டை விரல் வரைக்கும் வரும். மற்றதெல்லாம் யார்டு தொழிலாளர்களுக்கு எடுத்து வைத்திருக்கும் இன்சூரன்ஸில்தான். அதில் மனைவிக்கும் இடம் உண்டு. ஆனால் அவர் வேலையில் இருக்கும் வரைக்கும்தான் உண்டு.

அலுவலகத்தில் இதையெல்லாம் பார்க்கிற பிரேமா அவரை உட்காரவைத்துச் சொன்னாள். "அண்ணாச்சி, நீங்க மே முப்பத்தொண்ணு வேலய விட்டா ஜூன் ஒண்ணுல ஆச்சிக்கு இன்சூரன்ஸ் கெடயாது. தனியா பாலிசி எடுக்கலாம். ஆனா மூட்டு ஆபரேசனுக்கு ரெண்டு வருசம் காத்துக் கெடக்கணும். அதனால ஆபரேசன மொதல்ல முடிங்க. அப்புறம் வேலய விடுங்க."

"ரெண்டு வருசம் முட்டிட்டச் சொல்லி வைக்க முடியுமா, பொறுத்துக்கோன்னு?"

"முட்டி கேட்டாலும் கம்பெனி கேக்காது அண்ணாச்சி."

ஆக, ஆபரேஷன் முடிந்தால் அவர் வேலையை விடலாம். விட்டால் சந்தனமாரியோடு இருக்கலாம். இவ்வளவுதான் விஷயம். இதில் ஒரே ஒரு சிக்கல், சந்தனமாரி ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை.

அவள் ஓசூரில் இருந்தாள். நாலு வருஷம் முன்னால் மகள் ஜெயபிரியாவின் பேறுகாலத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள். மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, வருஷமாயிற்று. அதற்குள் முழங்கால் போயிற்று. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறிப் போன சந்தனமாரி அதன் பிறகு தரையில் கால் வைத்தது ஏழெட்டுத் தடவை இருக்கும். பேத்திக்குப் பெயர் வைத்த அன்றைக்குப் போனதோடு சரி, அதன் பிறகு வெள்ளத்துரை அங்கே போனதில்லை.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வெள்ளத்துரை போன் போடுவார். அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று அவள் மனசு சங்கடப்படக் கூடாது என்பதற்காக வேலையைப் பற்றியே பேசுவார். எடைச் சீட்டில் தன் கையெழுத்து இல்லாமல் ஒரு கப்பல் இரண்டு நாள் நகரவில்லை. கப்பல் கேப்டன் இறங்கி யார்டுக்கே வந்து விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். போகும்போது ஒரு பெட்டி ஆப்பிள் கொடுத்தார், அதை டிரைவர்களுக்குப் பங்கு வைத்தாயிற்று. தான் ஒருநாள் லீவு போட்டதில் லாரி வரிசை பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் நின்றது. கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் லாரியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டுவாள். கடைசியில் அவர் கேட்பார். "கால் எப்படிளா இருக்கு?"

"தேவல."

"டாக்டருட்டத் தேதி கேப்பமா?"

"ஆடி கழியட்டும்" என்றாள் முதலில். பிறகு பேத்திக்கு அம்மை. பிறகு பொங்கல். பிறகு பேத்திக்குப் பரீட்சை.

"எல்.கே.ஜி.ல என்னளா பரீட்சை?"

"அ, ஆ எழுதணும்லா. சும்மாவா."

பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். லீவில் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்றாள்.

போனை வைத்த பிறகு முத்தையாபுரம் வீட்டில் வேறு சத்தம் இருக்காது. முன்னறையை மொபைல் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கடை மூடியதும் அதுவும் போய்விடும். ரசம் வைத்தால் இரண்டு பேருக்கு வந்துவிடும். ஒரு ஆளுக்கு ரசம் வைக்கும் அளவு அவர் கைக்குப் பிடிபடவே இல்லை. மிச்சத்தை மறுநாள் தானே குடித்துவிட்டு, ருசி போதவில்லை என்று தனக்குத்தானே குறை சொல்லிக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் சந்தனமாரி ஒருதரம் யார்டுக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள். மதியம் லாரி இல்லாத நேரம். அவளை மேடையில் ஏறி நிற்கச் சொன்னார். மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும், ஐம்பது என்று காட்டியது. அவர் போய்ப் பக்கத்தில் நின்றார், நூற்றுப் பத்து. அவள் வெட்கப்பட்டு இறங்கிவிட்டாள், அறுபது. இப்போதும் லாரி இல்லாத மதியங்களில் அவர் மேடையைக் கடக்கும்போது பெட்டி அறுபது என்றுதான் காட்டுகிறது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு கிலோகூட ஏறாத உடம்பு என்று மற்றவர்கள் புகழ்வார்கள். அவருக்கு அந்த எண்ணைப் பார்க்கவே பிடிக்காது. நடுவில் கால் வைக்காமல் சுற்றிப் போவார்.

எட்டாம் தேதி அவர் சொல்லாமல் கொள்ளாமல் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினார். கையில் ஒரு பை நெத்திலிக் கருவாடு, பையில் கையெழுத்துப் போடாத கடிதம். கருவாட்டு வாசனையில் சேலம் வரைக்கும் அந்தப் பெட்டியில் யாரும் தூங்கவில்லை. பசியால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

காலையில் ஐம்பத்து நாலு படி ஏறிக் கதவைத் தட்டினார். திறக்க வெகு நேரமாயிற்று. திறந்தவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்ன, இங்கன வந்து நிக்கீய? வே பிரிட்ஜ யாரு பாக்கா?"

"பூட்டிச் சாவியத் துறைமுகத்துல குடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே திரும்பி உள்ளே நடந்தாள். நடந்தாள் என்று சொல்லக் கூடாது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து, ஒரு காலை இழுத்து, பிறகு இன்னொன்றை இழுத்தாள். வெள்ளைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. வாசலிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து குளியலறைக்கு. அவள் உள்ளங்கை வருஷக்கணக்கில் போட்ட கோடு. வீட்டுக்கு வெள்ளையடித்தவன்கூட அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடித்திருந்தான்.

வெள்ளத்துரை பையைக் கீழே வைக்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தேவலை, தேவலை என்று போனில் கேட்டதெல்லாம் இதுதான். வீட்டில் தான் ஒருத்தர்தான் பொய் சொல்கிறவர் என்று அவர் இதுநாள் வரை நினைத்திருந்தார்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனார்கள். பேத்தி செல்போனில் ஒரு பூனையைப் பார்த்தபடி சாப்பிட்டுத் தூங்கினாள். அதன் பிறகு அவர் கடிதத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தார். விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டு வருசம் கேக்காரு மொதலாளி. போடவா, வேண்டாமா?"

"போடுங்க."

அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அது அவருக்குச் சுருக்கென்றது. ஒரு இரண்டு வார்த்தை தயங்கியிருக்கலாம்.

"ரெண்டு வருசம்ளா. வெளங்குதா?"

"போடுங்கன்னேன்லா."

"அப்ப காலு?"

"பாப்போம்."

"நீ ஆபரேசன் பண்ணாம இருந்தா நான் எந்தக் காலத்துல வேலய விட?"

"அதுக்குத்தான் பண்ணல."

அவருக்கு அது காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை.

"என்ன சொல்லுத?"

சந்தனமாரி காலை நீட்டி இரண்டு முட்டிகளையும் கைகளால் பொத்திக்கொண்டாள். "பிரேமாப் பிள்ள போனவருசம் இன்சூரன்ஸ் பாரம் நிரப்புததுக்குப் போன் பண்ணிச்சி. அண்ணாச்சி ஆபரேசன் முடிஞ்சதும் வேலய விடப் போறாங்களாம்னு சொல்லிச்சி. எங்கண்ணன் வீரபாகு மில்லுல இருந்து ரிட்டயர்டு ஆன அன்னைக்கு என்ன செஞ்சான்? ஈசி சேர் வாங்குனான். எட்டு மாசம். அவன் போயிட்டான், சேரு இன்னும் புதுசாத்தான் கெடக்கு. வேல செஞ்ச ஆம்பளய உக்கார வச்சா அவ்வளவுதான்."

"அவனுக்குச் சக்கர இருந்துச்சுளா."

"சக்கரயோட முப்பது வருசம் மில்லுக்குப் போனான்லா. உக்காந்த பொறவுதான் போனான்." அவள் குரல் தணிந்தது. "நீங்க தெனமும் சொல்லுதீய, கப்பல்காரன் சலாம் வச்சான், லாரி பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் நின்னுச்சின்னு. எவ்வளவு சந்தோசமாச் சொல்லுதீய. இங்கன வந்து மூணாவது மாடியில இருந்தா ஒமக்கு யாரு சலாம் வைப்பா? நான் வச்சா நல்லாவா இருக்கும்? அதான் எனக்கு முட்டி வலிச்சா வலிக்கட்டும்னு விட்டுட்டேன்."

வெள்ளத்துரை வாயைத் திறந்தார்.

"ஏளா, அது பூராப் பொய்யி."

"எது?"

"கப்பல்காரன் எவனும் வரல. லாரி பத்துக்கு மேல நின்னதில்ல. இப்ப மேடைக்குக் கேமரா மாட்டியாச்சி. நம்பர அதே பாத்துக்கிடும், சீட்ட அதே அடிக்கும். நான் காலையில போயி பேன் சுவிச்சப் போடுவேன், ரெண்டு மணிக்கு அமத்துவேன். டிரைவர் எவனும் எறங்கிக்கூட வாரதில்ல, ஜன்னல் வழியாச் சீட்ட உருவிட்டுப் போயிருவான்."

அவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள். "இப்ப சொல்லுததுதான் பொய். நான் ஆபரேசனுக்குச் சம்மதிக்கணும்னு சொல்லுதீய."

இது நியாயமான சந்தேகம். வெள்ளத்துரையாலும் அதைக் குறை சொல்ல முடியவில்லை. தான் சொல்வது உண்மைதான் என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை அவருக்கு வாழ்க்கையில் முதல்தடவை. எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. கடைசியில், யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைத் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தெனமும் சாயங்காலம் நான் ரெண்டாம் ரயில்வே கேட்டுக்குப் போயி நிக்கேன்."

"அங்கன என்ன?"

"மைசூர் எக்ஸ்பிரஸ் அந்த வழியாத்தான் போகும். கெளம்புன ஒடன மெதுவாப் போகும். ஒவ்வொரு பெட்டியாப் பாக்கலாம்."

"பாத்து?"

"பாத்துட்டு வீட்டுக்கு வருவேன். இது நாளைக்கு விடியங்காட்டி ஓசூருக்குப் போயிரும்னு நெனச்சுக்கிடுவேன். அவ்வளவுதான்."

அவள் முட்டியிலிருந்து கைகளை எடுத்தாள்.

"கேட்டு மூடுத சுடலைராஜ் நான் தண்டவாளத்துல விழத்தான் வாரேன்னு நெனச்சிட்டான். ஒருநாள் கையப் புடிச்சி உள்ள கூட்டிட்டுப் போயி டீ வாங்கித் தந்து, அண்ணாச்சி எதுன்னாலும் பேசித் தீத்துக்கிடலாம்னு அழுதுட்டான். அவனுக்கு வெவரம் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சி. கோச் நம்பர் எழுதுத வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எத்தன நாளா போறீய?"

"நீ வந்த மறுவாரத்துல இருந்து."

"மழயில?"

"மழன்னா வண்டி பிந்தும். நின்னுதான ஆகணும்." அவர் கடிதத்தின் ஓரத்தைச் சுருட்டினார். "கூட்டமாப் போனா ஒண்ணுந் தோணாது. ஒரு ஜன்னல் சீட்டு காலியாப் போச்சுன்னு வையி, அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்காது."

இதில் அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பெருமை இல்லாத எதையும் அவர் சொல்லி சந்தனமாரி கேட்டதே இல்லை. அவள் முகத்தில் அது தெரிந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கிறுக்குப் புடிச்ச மனுசன்" என்றாள். பிறகு கையை நீட்டி அந்தக் கடிதத்தை அவரிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஜெயபிரியா வந்ததும் சந்தனமாரியே ஆரம்பித்தாள். "டாக்டருக்குப் போன் போடு. தூத்துக்குடியில வச்சுத்தான் பண்ணுவேன். அங்கன எந்த ஆஸ்பத்திரியில இந்த இன்சூரன்ஸ் உண்டுன்னு கேளு."

"நான் எப்பவே சொன்னேம்மா. நீதான் கேக்கல. பிள்ளைய டே கேர்ல விட்டுக்கிடுதோம்" என்றாள் ஜெயபிரியா. பிறகு அப்பாவைப் பார்த்தாள். "நீங்க என்னப்பா பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல. ரயிலப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

மறுநாள் டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். இரண்டு முட்டியையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம், ரத்த அழுத்தம் இருக்கிறது. ஜூனில் ஒன்று. அது தேறிய பிறகு செப்டம்பரில் இன்னொன்று. பயிற்சியெல்லாம் முடிந்து நன்றாக நடக்க டிசம்பர் ஆகிவிடும்.

பிரேமாவும் போனில் ஒரு கணக்குச் சொன்னாள். டிசம்பரில் வேலையை விடுவதென்றால், இதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாற அக்டோபரிலேயே எழுதிக்கொடுத்துவிட வேண்டும். வருஷப் பிரீமியம் முன்னறை வாடகையை அப்படியே விழுங்கிவிடும். சாப்பாட்டுக்கு மாதம் மூவாயிரத்துச் சொச்சம் பி.எஃப். பென்ஷன். வெள்ளத்துரை அதை மேலிருந்து கீழாகக் கூட்டினார், கீழிருந்து மேலாகக் கூட்டினார். இரண்டு தடவையும் பற்றாமல்தான் வந்தது.

"காலு வந்துட்டா நான் இட்லி மாவு அரச்சு விக்கேன்" என்றாள் சந்தனமாரி. "நீங்க எடை போட்டுக் குடுங்க. பத்துப் பத்தாக் காட்டுத தராசு வேண்டாம்."

கடிதத்தில் இரண்டு வருஷம் என்றிருந்ததை அடித்துவிட்டு டிசம்பர் முப்பத்தொன்று வரை என்று எழுதி, முதலாளிக்குப் போன் போட்டார்.

"என்ன அண்ணாச்சி இது, ஆறு ஏழு மாசத்துக்கு எவன் ஒப்பந்தம் போடுவான்?" என்றார் சங்கரபாண்டியன்.

"அம்புட்டுப் பெரிய கப்பலே ரெண்டு நாளுதான் நிக்கி மொதலாளி. நான் ஏழு மாசம் நிக்கேன்."

அந்தப் பக்கம் கொஞ்சம் சிரிப்புக் கேட்டது. "எழுதிக் குடும்" என்றார்.

சந்தனமாரி வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. டே கேர் ஜூன் முதல் வாரம்தான் திறக்கிறார்கள். அவருக்கு லீவு முடிந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேலே வருகிற வண்டிக்கு அவர் விளக்கு வைக்கிற நேரத்திலேயே கிளம்பினார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போக மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் படி இறங்கவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். மூன்று மாடி என்பது நாலு வருஷத்தைவிட அதிக தூரமாக இருந்தது.

"போயிச் சேந்ததும் போன் போடுங்க" என்றாள் மேலேயிருந்து. "கப்பல் கதையெல்லாம் வேண்டாம். வந்துட்டேன்னு சொன்னாப் போதும்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டோ திரும்பும் வரைக்கும் கம்பியில் அவள் கை தெரிந்தது.

மறுநாள் தூத்துக்குடி நிலையத்தில் இறங்கி, பிளாட்பாரத்துப் பெஞ்சில் பையை வைத்துவிட்டுப் போன் போட்டார்.

"வந்துட்டேன்" என்றார்.

"ம்" என்றாள்.

சொன்ன சொல்லை மீறாமல் அவர் வேறொன்றும் பேசவில்லை. அந்தப் பக்கம் பேத்தியின் பூனை கத்துவது கேட்டது. அவள் மூச்சு கேட்டது. போனை வைக்கிறாளா என்று பார்த்தார், வைக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் கடைசியில்.

"நீதான வேண்டாம்ன."

"வேண்டாம்னா ஒண்ணுமே பேசாம இருப்பீயளோ. ஒரு மாதிரியாக் கெடக்கு." பிறகு அவளே கேட்டாள். "கடல் எப்படி இருக்கு?"

நிலையத்திலிருந்து கடல் தெரியாது. காற்றில் உப்பு மட்டும் இருந்தது. வெள்ளத்துரை அந்தத் திசையைப் பார்த்துக் கழுத்தை நீட்டினார்.

"கெளம்பிப் போவேன்னு நின்னுச்சி. இன்னும் மூணு வாரத்துல ஒருத்தி வாரா, அது வரைக்கும் இருந்துட்டுப் போன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார்.